நான்கு மணி நேரம் எதற்கு?

கேள்வி: டயாலிசிஸ் எந்திரத்தை வேகமாக ஓட்டி, நான்கு மணி நேரத்தை இரண்டாகக் குறைக்கலாமே?
– ஒரு வாசகர், கோரமண்டல், கோலார் தங்கவயல்

பதில்: தங்கம் எடுத்தபின் மிஞ்சிய பாறைத்தூள் குவிந்த உங்கள் ஊர் சயனைடு மேடுகளைக் கேளுங்கள். அரைத்த பாறையிலிருந்து தங்கம் சயனைடில் கரைந்து வர நேரம் பிடித்தது; ரத்தத்தின் நஞ்சும் அப்படித்தான். யூரியா சின்ன மூலக்கூறு. வடிகட்டியின் முடி போன்ற குழாய்ச் சுவரைச் சட்டெனக் கடந்துவிடும். பாஸ்பரஸோ செல்களுக்குள் பதுங்கி, மெல்லத்தான் ரத்தத்துக்கு வரும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் மூலக்கூறு எடை யூரியாவைப் போல் சுமார் 200 மடங்கு. இவற்றை வேகம் மட்டும் வெளியேற்றாது. ‘பெரிய மூலக்கூறுகளையும் நன்றாக இழுத்தெடுக்கும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் முறை வந்துவிட்டதே’ என்பீர்கள். நல்லதுதான், 2023இல் வெளியான கன்வின்ஸ் ஆய்வில், வழக்கமான முறையில் 21.9 சதவீதமாக இருந்த இறப்பு இதில் 17.3 சதவீதம். ஆனால் அதற்கும் மிகத் தூய நீரும் போதிய நேரமும் வேண்டும். மருத்துவர் குறித்த நேரத்தில் ஒரு நிமிடத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.