உறையக்கா

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியோ கிள்ளான் தாமானோ, எங்கே போனாலும் ஓர் உறையக்கா இருப்பார். அவர் கண்ணுக்கு உலகத்துப் பொருளெல்லாம் உடுத்த ஒன்றுமில்லாமல் நிற்பதாகத்தான் தெரியும். டிவி ரிமோட்டுக்கு உறை தைத்தார். டிஷ்யூ பெட்டிக்குப் பாவாடை கட்டிவிட்டார். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கும் கை வைத்த சட்டை வந்தது. வீட்டில் மூட இன்னும் மிச்சமிருப்பது மாமாவின் வாய் மட்டும்தான் என்ற நிலை வந்தபோது, அக்கா நோட்டுப் புத்தகங்கள் பக்கம் திரும்பினார்.

துணிக்குப் பஞ்சமில்லை. ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் அக்கா கடையேறினால், புடவை விரிக்க வரும் பையன் தானே போய்த் துண்டுத் துணிக் கூடையை எடுத்து வைப்பான். பாத்தேக் சாரோங் கிழிந்தால் மாமா வருந்துவார், அக்கா மகிழ்வார். நவராத்திரியில் வெற்றிலை பாக்கோடு கொடுக்கிற ரவிக்கைத் துணி இருக்கிறதே, யாரும் தைக்காமல் வீடு வீடாகச் சுற்றுமே, அது அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் அதோடு சரி. கொமுட்டர் ரயில் கிள்ளான் துறைமுகத்தோடு நின்றுவிடுவதுபோல. கல்யாண வீட்டில் எல்லாரும் பெண்ணின் முகத்தைப் பார்க்க, அக்கா முந்தானையைப் பார்ப்பார். அதில் எத்தனை ஏ5 நோட்டு தேறும் என்று மனம் கணக்குப் போடும்.

கடையில் துணி மீட்டரில். அக்காவிடம் எல்லாம் அங்குலத்தில். ஏ5 நோட்டின் உயரம் எட்டேகால். மேலும் கீழும் தையலுக்கு அரையரை, புத்தகம் மூச்சுவிடக் கால். ஆக ஒன்பதரை. அகலத்தில்தான் சூட்சுமம்.

“மூடி வச்சு அளக்கணும்லா தம்பி. தொறந்து வச்சு அளந்தா, உறை போட்டப்புறம் வாயை மூடாது.”

“எது அக்கா?”

“புத்தகம்தான்” என்பார், மேல்மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

பிறகு வேலை மளமளவென்று நடக்கும். உள்பக்கம் ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி. இரண்டு ஓரத்தையும் மடித்து ஒரு தையல். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி அட்டை நுழைய இருபுறமும் இரண்டரை அங்குலம் மடித்து, மேலும் கீழும் அடித்து, அப்படியே புரட்டுவார். மூலை கூராக வராவிட்டால் அக்காவுக்கு அன்று சோறு இறங்காது. அதற்கென்றே மீ சாப்பிட்ட சீனக் குச்சி ஒன்று சிங்கர் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது.

காசு கேட்க மாட்டார். “சும்மாதான்லா, வச்சுக்க” என்று கையில் திணிப்பார். சிக்கல் அதற்கப்புறம்தான். ஜரிகைக் கரை வைத்த நோட்டில் பால் கணக்கு எழுத யாருக்குக் கை வரும்? தேவார வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் உறை போட்ட நோட்டைப் பூஜையறையில் வைத்துவிட்டு, கிழித்த தாளில் எழுதுகிறார்கள். டைரி எழுதத் தொடங்கிய கல்லூரிப் பெண், இந்த உறைக்குத் தகுந்த மாதிரி ஏதாவது நடக்கட்டும் என்று இன்னும் காத்திருக்கிறாள். உள்ளே என்ன எழுதினீர்கள் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. உறை அழுக்காகிவிட்டதா என்றுதான் கேட்பார்.

போன மாதம் அக்காவின் பார்வை மளிகைக்கடை 555 புத்தகத்தின் மேல் விழுந்தது. சட்டைப் பையில் அடங்கும் சின்னப் புத்தகம்; மலேசியாவில் பாதிப் பேரின் கடன் வரலாறு அதில்தான் எழுதப்பட்டது. கடைக்கார அண்ணன் அதைக் கல்லா மேல் விரித்துப் போட்டிருந்தார்.

“ஊர்க்கடனை இப்படி வெளிச்சம் போட்டு வைக்கலாமாண்ணே? மானம் மரியாதை வேண்டாம்?”

மறுநாளே மாம்பழ நிறப் பட்டில் உறை வந்தது. மூடினால் கட்ட நாடாவும் உண்டு. வழக்கமாகக் கல்லாவைக் கண்டதும் ஒதுங்கிப் போகிறவர்கள்கூட அருகில் வந்து தடவிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு நெகிழ்ந்துவிட்டது. நாடாவை அவிழ்த்து முதல் பக்கத்தைப் பிரித்தார். அரிசி, முட்டை, மைலோ என்று அந்தப் பக்கம் முழுக்க ஒரே பெயரில் நீண்ட கணக்கு.

ஊருக்கெல்லாம் சும்மா தைத்துக் கொடுக்கும் அக்கா முதல் தடவையாக விலை சொன்னார்:

“உறைக்கு 15 வெள்ளிண்ணே. அதுல கழிச்சுக்குங்க.”