மந்திரத்தின் விலை

மிகுபுனைவு நாவல்களில் மந்திரம் இருப்பதில் குறையில்லை. அதற்கு யாரும் விலை கொடுக்காததில்தான் இடிக்கிறது. இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் அம்பு விட்ட மன்மதன் சாம்பலாகிறான்; கணக்கு நேர். மூன்று தடித்த பாகங்களில் வரும் நாயகனோ ஆரூடத்தின் தயவில் தப்பிக்கொண்டே இருப்பான். (வரைபடம் மட்டும் அச்சுப்பிசகாமல் இருக்கும்!) கற்பனைக்கு எதற்குக் கணக்கு, களைப்புத் தீரத்தானே படிக்கிறோம் என்பார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக்கருவாடும் கிடைக்கும் என்று அந்தத் தோட்டங்களுக்கு ஆள்கட்டிய கங்காணிகள் சொன்னதாக வழங்கும் கதையும் கற்பனைதான். விலையை மறைத்ததால் விலைபோனது. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய மாயத்தையும், தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021 வரை வாக்குறுதியாகவே மிதந்ததையும் நாவலில் வைத்தால், தர்க்கம் போதாதென்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.