தாங்கிக்குள்ளை தண்ணி

சிம்கோ ஏரியில் படகு வைத்திருக்கும் அண்ணையை உங்களுக்கும் தெரியும். ரொறன்ரோவில் எந்த மண்டபத்தில் பிறந்தநாள் நடந்தாலும் அவர் அங்கே நிற்பார். கோடையில் அவர் பிடித்ததாகச் சொல்லும் மீன்களின் நீளத்தை விட்டுவிடுவோம். படகு ஏரியில் மிதக்கும்வரை அவரால் பெரிய கரைச்சல் இல்லை. ஒக்டோபரில் அதைக் கரையேற்றி, வெள்ளைப் பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டிய அன்று பிடிக்கும் சனியன்: "பெற்றோல் தாங்கிக்குள்ளை தண்ணி இறங்கியிருக்குமோ?"

அவருடைய ஆயுதம் ஒரு போத்தல். படகைக் கட்ட முன்னர் தாங்கியின் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்த பெற்றோல், அவருடைய மனைவி (எங்களுக்கு அக்கா) கழுவிக் கவிழ்த்து வைத்த ஜாம் போத்தலுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு யார் போனாலும் சப்பாத்தைக் கழற்ற முதலே கராஜுக்குள் ஓடி அதை எடுத்துவருவார். குசினி விளக்குக்கு நேரே பிடிப்பார்.

"தம்பி, வடிவாப் பாரும். அடியிலை ஒரு கோடு தெரியுதெல்லே?"

தெரியவில்லை என்றால் கண் டொக்டரிடம் போகச் சொல்வார். தெரிகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் முழு விளக்கமும் கேட்டுவிட்டுத்தான் எழும்பலாம். விளக்கம் பொய்யில்லை, அதுதான் கொடுமை. இங்கே பெற்றோலில் எதனோல் கலக்கிறார்கள். எதனோல் தண்ணீரை இழுக்கும். ஏறக்குறைய அரை வீதம்வரை கரைத்து வைத்துக்கொள்ளும்; குளிர் கூடக்கூட அந்த அளவும் குறையும். மிஞ்சினால் எதனோலும் தண்ணீரும் கூட்டாகப் பிரிந்து அடியில் போய்ப் படுத்துவிடும். எஞ்சினுக்கு உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான். பிரிந்ததை மறுபடி சேர்த்துவைக்கக் கடையில் விற்கும் எந்த மருந்தாலும் முடியாது.

சரி. 200 லீற்றர் தாங்கி நிறைய இருந்தால் அப்படிப் பிரிய ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும்; பாதியென்றால் அரை லீற்றர். எங்கிருந்து வரும்?

"காத்து வேர்க்கும் தம்பி. பாதித் தாங்கி வெறுமையாக் கிடக்கெல்லோ!"

இதைச் சொல்லும்போது, மைனஸ் பத்துக் கராஜிலிருந்து சூடான குசினிக்கு வந்த போத்தல் வெளிப்பக்கமாக வேர்த்து ஒழுகும். துளியை விரலால் வழித்து என் மூக்கருகே நீட்டுவார். "இது வெளியிலை எல்லோ அண்ணை" என்றால், "அப்ப உள்ளை எப்பிடி இருக்குமெண்டு யோசியும்!"

யோசித்தேன். 20 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். தாங்கியில் 100 லீற்றர் வெறுமையாக இருந்தால், அதற்குள் இருக்கும் காற்றை முழுக்கப் பிழிந்தாலும் இரண்டு கிராம் வராது. அரைத் தேக்கரண்டிகூட இல்லை. கொஞ்சம் காற்று போய் வந்தாலும் அரை லீற்றருக்கு எத்தனை மாரி காத்திருக்க வேண்டும்?

"கணக்கு வேறை, கடல் வேறை தம்பி."

"அது கடலில்லை, குளம்" என்று அக்கா அடுப்படியிலிருந்து திருத்தினார்.

ஒருநாள் அக்காவே பொறுமையிழந்து, கேக்குக்கு விடும் சிவப்புக் கலரை எடுத்து ஒரு துளி போத்தலுக்குள் விட்டார். அந்தக் கலர் பெற்றோலில் கரையாது. அடியில் தண்ணீர் கிடந்தால் அதில் கரைந்து பரவும். துளி உருண்டையாக இறங்கிப் பேசாமல் குந்திக்கொண்டது. தண்ணீர் இல்லை. நாங்கள் கைதட்டினோம். அண்ணை போத்தலை உயர்த்திப் பார்த்தார்.

"இப்ப தண்ணி இருக்கு. கலருக்குள்ளை இருக்கிறது தண்ணிதானே?"

மழைநீர் தாங்கிக்குள் போக லேசான இடம் படகில் ஒன்று உண்டு: மேல்தட்டில் பெற்றோல் விடும் துவாரத்தின் மூடி. அதன் இறப்பர் வளையம் வெடித்துப்போயிருப்பதைப் படகுத்துறையில் எல்லோரும் அவருக்குக் காட்டியாயிற்று. சில டொலர் சாமான். மாற்றமாட்டார். மாற்றினால் சந்தேகம் தீர்ந்துவிடும். பிறகு மனிசன் ஏப்ரல்வரை என்ன செய்வது? கடற்கரை ஊரில் பிறந்தவர். ஏரியே பாறையாக உறைந்து கிடக்கும் மாதங்களில் படகைப் பற்றிப் பேச அவருக்கு வேறு சாட்டு இல்லை. தை மாதத்தில், ஸ்நோவுக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடிப்போய், அந்தப் பிளாஸ்டிக் பொதியைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டுத் திரும்பி வருகிற மனிதரோடு எப்படிக் கோபிப்பது?

ஆனால் போத்தல் விஷயத்தில் கோபிக்கத்தான் வேண்டும். பெற்றோல் மைனஸ் நாற்பதிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து நிலவறையில் சுடுநீர்த் தாங்கியின் நெருப்பைத் தேடிப் போகும். அதை மூடி சரியாக இறுகாத ஜாம் போத்தலில் விட்டு, அடுப்பு எரியும் குசினிக்குள், பேரப்பிள்ளைகளின் தலைக்கு மேலாகப் பிடித்து ஆட்டுவதில் ஒரு பகிடியும் இல்லை. "மணக்குதப்பா" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரித்ததும் சரியில்லை.

அண்ணை, இதை வாசித்தால் கோபிக்காதையுங்கோ. போத்தலை நகரசபையின் அபாயக் கழிவு எடுக்கிற இடத்திலை குடுத்துவிடுங்கோ. மூடிக்கு வளையம் நான் வாங்கித் தாறன்.