பின்பனியில் கார்: ரிமோட் ஸ்டார்ட்டர் குறித்து ஓர் அளவை நூல் விசாரணை

தமிழில் கார் என்றால் ஆவணியும் புரட்டாதியும். அந்தப் பொழுதில் முல்லை நிலத்துத் தலைவி வாசலைப் பார்த்தபடி இருப்பாள். வினை முடித்த தலைவன் தேர்ப்பாகனை விரட்டிக்கொண்டு வீடு திரும்புவான். ஏறின உடனே தேர் புறப்பட்டுவிடும். குதிரைக்குப் பற்றரி இறங்குவதில்லை. தேரில் கண்ணாடி இல்லாதபடியால் அதில் ஐஸ் சுரண்டும் வேலையும் இல்லை.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கார் என்பது பொழுது அன்று, பொருள். மார்கழியில் தொடங்கிப் பங்குனி வரைக்கும் வீட்டு வாசலில் வெள்ளைப் போர்வைக்குள் கிடக்கும். முன்பனி, பின்பனி என்று வகுத்த முன்னோர் மைனஸ் 20 பாகையைக் கண்டவர்கள் அல்லர். அவர்கள் பனி என்றது, புல் நுனியில் நின்று வெயில் ஏறப் போய்விடும் ஒன்றை. ஆகவே இந்தக் காரை இந்தப் பனியில் எழுப்புவதற்கு நூல்களில் விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் விசாரணை வேண்டும். வீட்டுக்குள் நின்றபடியே பொத்தானை அமுக்கிக் காரை இயக்கும் ரிமோட் ஸ்டார்ட்டரைப் பூட்டுவதா, விடுவதா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். இவ்விசாரணை எங்கள் குசினியில் மூன்று வின்டராக நடந்தது.

அனுமானத்துக்கு ஐந்து உறுப்பு என்று மணிமேகலை வகுக்கிறது: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். என் மனைவி படிக்காமலே அதைக் கையாண்டார். பக்கம்: பக்கத்து வீட்டில் ரிமோட் ஸ்டார்ட்டர் உண்டு. ஏது: அவர்களுடைய கார் விடிய ஐந்து மணிக்கு ஆள் இல்லாமல் புகைக்கிறது. திட்டாந்தம்: எதிர்வீட்டு மருமகனின் காரைப் போல. உபநயம்: இதுவும் அப்படியே புகைக்கிறது. நிகமனம்: ஆகவே எங்களுக்கும் ஒன்று வேண்டும்.

கடைசி உறுப்பு முன்னைய நான்கிலிருந்தும் பிறக்கவில்லையே என்று நான் தடை எழுப்பினேன்.

“அப்ப உங்கட நியாயத்தை நீங்களே போய்ச் சுரண்டுங்கோ” என்று சுரண்டியைக் கையில் தந்துவிட்டார்.

கருவியின் இலக்கணம் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக்கைக் கழற்றி, ஒரு சின்னப் பெட்டியை வயர்களோடு இணைக்கிறார்கள். திறப்பைத் திருகினால் என்ன நடக்குமோ அதை, ரிமோட் சொன்னதும் அந்தப் பெட்டி நடத்தும். ஆனால் இப்போதைய திறப்புகளுக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதைக் காணாவிட்டால் எஞ்சின் மூச்சு விடாது. கள்ளருக்காகச் செய்த ஏற்பாடு. ஆகவே, திறப்பு உள்ளேதான் இருக்கிறது என்று காரை நம்பவைக்க இன்னொரு ஏற்பாடும் செய்ய வேண்டும். சொந்தக் காருக்கே பொய் சொல்லக் காசு கொடுக்கிறோம். பொனற் திறந்திருந்தால் எஞ்சின் எழும்பாமல் தடுக்க ஒரு சுவிட்சும் உண்டு. மெக்கானிக்கின் விரல்கள் அதனால் தப்பும். திறப்பில்லாமல் யாராவது ஏறிப் பிரேக்கை மிதித்தால் எஞ்சின் நின்றுவிடும். ஒருவரும் வராவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே அணையும். கையால் கியர் மாற்றும் கார்களில் கூடுதல் கவனம் வேண்டும். கியரில் விட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினால் கார் உங்களை விட்டுவிட்டே வேலைக்குப் புறப்படப் பார்க்கும்.

வரலாற்றை நோக்கினால், எஞ்சினை எழுப்பும் தொழிலில் மனிதன் படிப்படியாகப் பின்வாங்கியிருக்கிறான். முதலில் காருக்கு முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றினான். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறிந்தது. சார்ள்ஸ் கெற்றரிங்கின் மின் ஸ்டார்ட்டர் 1912 கடிலாக்கில் வந்ததும் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். ரிமோட் வந்ததும் கட்டிலுக்கே போய்விட்டான்.

இந்த வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராமல் போனபோது, ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலேசில் பற்றாது. ஆகவே பிள்ளைகளின் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைக் காத்து வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி பீச்சி எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சினைச் சூடேற்றுவதற்கு உண்மையான தேவை இருந்த காலம் அது. அப்பா அந்தப் போத்தலை மருந்துப் போத்தலைப் போல எங்களுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பார். அயலவர் கேட்டு வந்தால் மூடியால் அளந்து கொடுப்பார். போத்தலுக்குள் மிச்சம் எவ்வளவு என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் வந்தவருக்குத் தேத்தண்ணி.

இனிப் பூர்வபட்சம், அதாவது எதிர்த்தரப்பு வாதம். “சூடேறாமல் ஓட்டினால் எஞ்சின் பழுதாகிப் போம்” என்று ஊரில் கார் ஓட்டிய அண்ணைமார் எல்லோரும் சொல்வார்கள். காபரேற்றர் காலத்தில் அது சரிதான். இப்போது பெற்றோலை அளந்து பீச்சுவது கணினி. எஞ்சினை எழுப்பி 30 விநாடி பொறுத்து மெதுவாக ஓட்டத் தொடங்கினால், நின்ற இடத்தில் உறுமுவதைவிட விரைவாகச் சூடேறும். கியர்ப்பெட்டிக்கும் சில்லுக்கும் ரயருக்கும் ஓடினால்தான் சூடு. 10 விநாடிக்கு மேல் சும்மா ஓடவிட்டால், நிறுத்திவிட்டு மறுபடி இயக்குவதைவிடக் கூடுதலாகப் பெற்றோல் செலவாகும் என்று கனடாவின் இயற்கை வள அமைச்சு சொல்கிறது. 3 லீட்டர் எஞ்சின் ஒன்று 10 நிமிடம் சும்மா ஓடினால் 300 மில்லி லீட்டர் குடித்துவிடும் என்பதும் அவர்களுடைய கணக்கே. கிழமைக்கு 5 விடியல், 16 கிழமை: 80 விடியல், 24 லீட்டர். கால் லீட்டர்ச் சூப்பிப் போத்தலால் அளந்தால் 96 போத்தல். அப்பாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

உரை அளவைக்கு, அதாவது சான்றோர் சொல்லுக்கு, வருவோம். ரொறன்ரோ மாநகர விதிப்படி, ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் காரைச் சும்மா ஓடவிடக் கூடாது. கருவியோ பதினைந்து நிமிடம் ஓடுகிறது. இரண்டும் ஒரே ஊரில்தான் நடைமுறையில் இருக்கின்றன. இப்படிப்பட்ட முரணை வேதாந்திகள் மாயை என்பார்கள், ஸ்காபரோவில் வின்டர் என்போம்.

குளிர் உண்மையாகவே எஞ்சினை வதைக்கும் ஊர்களின் வழக்கம் வேறு. வின்னிப்பெக்கிலும் எட்மன்டனிலும் கார்களின் மூக்கில் ஒரு மின் வயர் தொங்கும். இரவில் அதைச் சொருகிவிட்டால் உள்ளே ஒரு ஹீற்றர் எஞ்சினை இளஞ்சூட்டில் வைத்திருக்கும். எஞ்சினில் அக்கறை உள்ளவன் செய்வது அதுதான்.

அப்படியானால் ரிமோட் ஸ்டார்ட்டர் யாருக்கு? சித்தாந்தம் இது: அது எஞ்சினுக்கான கருவி அன்று, பிருட்டத்துக்கான கருவி. அமரும் இடம் சூடாக இருக்க வேண்டும் என்ற ஆசையை எஞ்சினின் பெயரில் சொல்கிறோம். சொன்னால் என்ன குறை என்றும் ஒரு கேள்வி உண்டு. மனைவிக்கு ஆறரை மணி ஷிப்ட். இருட்டில், கையுறைக்குள் விரல் மரக்க, முன்கண்ணாடியில் தபால்பெட்டி வாய் அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டு அந்தத் துவாரத்தால் தெருவைப் பார்த்து ஓட்டுகிறவர்களை அவரும் கண்டிருக்கிறார், நானும் கண்டிருக்கிறேன். உள்ளே சூடு ஏறினால் அந்த ஐஸ் தானாக இளகும். இந்த ஒரு நியாயத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதனால் சென்ற மார்கழியில் பூட்டினோம்.

பூட்டிய இரண்டாம் கிழமை, திருவெம்பாவைப் பூசைக்குப் போய் நிலத்தில் விழுந்து கும்பிட்டேன். ரிமோட் காற்சட்டைப் பையில் இருந்தது. எத்தனை முறை விழுந்தேனோ அத்தனை முறையும் பொத்தான் அமுங்கியிருக்கிறது. “ஆற்றையோ கார் பார்க்கிங்கில தன்பாட்டில எழும்புது, படுக்குது” என்று ஒரு பெரியவர் உள்ளே வந்து சொன்னார். அது என் காரல்ல என்ற முகத்தோடு நானும் தலையாட்டினேன். சிரிப்பு ஒருபக்கம் இருக்க, இதே விபத்து மூடிய கராஜுக்குள் நடந்தால் உயிர் போகும். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. ஒட்டிய கராஜ் உள்ள வீடுகளில் அதற்கான அலாரத்தை ஒன்ராறியோ 2014இல் கட்டாயமாக்கியது. மின்சாரக் கார் வைத்திருப்போருக்கு இந்தப் பயம் இல்லை. அவர்கள் கட்டிலில் கிடந்தபடியே புகையில்லாமல் ஆசனத்தைச் சூடாக்கலாம். இந்த விசாரணை முழுவதும் அவர்களுக்கு வீண்.

நிகமனம்: அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் கார் விடுகிறவர்களுக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் வேண்டாம். அங்கே அவ்வளவு குளிரும் இல்லை, ரிமோட்டின் சொல்லும் இலேசில் எட்டாது. கராஜுக்குள் விடுகிறவர்களுக்கு அறவே கூடாது. வெட்டவெளியில் விட்டு, விடியமுன் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் பூட்டலாம். ஆனால் மாநகர விதி தரும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல், கையில் சுரண்டியோடு வெளியே போக வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆராய்ச்சிக்கு ஏதுவாக இருந்த உங்களுடைய கார் எங்கள் படுக்கையறை யன்னலுக்கு நேர் கீழே புகைக்கிறது. இரவில் விடேக்க ஒரு ஆறடி முன்னுக்குத் தள்ளி விடுங்கோ.