பழசண்ணன்

நாமக்கல் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனி எதுவானாலும் அங்கே ஒரு பழசண்ணன் இருப்பார். சம்பளப் பட்டியலில் அவர் டெஸ்டர். சேலம் ஜாகீர் அம்மாபாளையத்து எல்காட் பூங்காவில் இருந்தால் கழுத்தில் அட்டை தொங்கும்; திருச்செங்கோட்டில் மருந்துக்கடை மாடியில் இருந்தால் அதுவும் கிடையாது. புதுசாக ஒன்றைச் செய்து முடித்த சந்தோஷத்தில் எல்லோரும் டீ சொல்லும் நேரத்தில், "அது இருக்கட்டுங்க, பழசு ஓடுதுங்களா?" என்று கேட்பவர் எவரோ அவரே பழசண்ணன்.

கேள்வியில் நியாயம் உண்டு. சாஃப்ட்வேரில் ஓரிடத்தைத் திருத்தினால், சம்பந்தமே இல்லாத இன்னோரிடம் படுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு ரிலீசுக்கு முன்பும், நேற்றுவரை ஒழுங்காக நடந்த வேலைகளையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ரிக்ரஷன் டெஸ்ட் என்பார்கள். பழசண்ணன் இதை ஆபீசோடு விடுவதில்லை. வீட்டில் கேஸ் ட்யூப் மாற்றினால் மோட்டாரையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பார். வீட்டுக்காரம்மா கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

அவருடைய டெஸ்டுகள் புத்தகத்தில் படித்து எழுதியவை அல்ல. ஒவ்வொன்றும் யாரிடமோ வாங்கிய திட்டு. 2018 பிப்ரவரி 1 அன்று லாரிச் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கான அரசுத் தளம் முதல் நாளே திணறி, திட்டம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனதே, அந்த இரண்டு மாதத்தில்தான் பிள்ளையார் சுழி போட்டார். சேலத்து ஜவ்வரிசி அறுபதாயிரம் ரூபாய்க்கு மகாராஷ்டிரம் போனால் பில் வேண்டும், வெளிமாநிலத்துக்கு வரம்பு 50,000. அதே லோடு சென்னைக்குப் போனால் வேண்டாம், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம். முட்டை லாரியிடம் கேட்கவே கூடாது, முட்டைக்கு வரி இல்லை. ஓனர் நாமக்கல்காரர், வண்டி நம்பரோ நாகாலாந்து என்.எல். 01, இது இந்த ஊரில் சகஜம் என்பது சென்னையிலிருந்து வந்த புரோகிராமருக்குத் தெரியாமல், அத்தனை வண்டியையும் சிஸ்டம் சந்தேகப்பட்டது. அதற்கு ஒரு டெஸ்ட். 2021-இல் பி.எச். நம்பர் வந்து மாநில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வருஷம் வந்து உட்கார்ந்தது. பேங்க் வேலையில் இருக்கும் மருமகனின் காரை சிஸ்டத்தில் ஏற்ற முடியாமல் ஓனர் கொதித்தார். அதற்கும் ஒன்று.

போன வருஷக் கதை அவருக்குத் தங்கப்பதக்கம் மாதிரி. 2025 செப்டம்பர் 22 அன்று லாரி டயருக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 ஆனது. ஒரு சின்னப்பையன் சுறுசுறுப்பாக டயருக்கு நேரே 28-ஐ அழித்து 18 போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். ராத்திரி ஓடிய டெஸ்டில் காலையில் ஒரு வரி சிவப்பு.

"டயருக்கு இப்ப 18 தானுங்கண்ணா!"

"சரி தம்பி. ஆவணியில வாங்குன டயர ஐப்பசியில திருப்பிக் குடுத்தா?"

பையன் யோசித்தான். வாங்கும்போது 28 கட்டிய டயருக்குக் கிரெடிட் நோட்டும் 28-இல்தான் போட வேண்டும். அன்றைக்கு மதியம் பழசண்ணன் சாப்பாட்டில் இரண்டாம் முறை ரசம் கேட்டார் என்கிறார்கள்.

யாராவது "இவ்வளவு எதுக்குங்க?" என்றால் நைட் கேபிடல் கதையை எடுப்பார். 2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச்சந்தைக் கம்பெனி. எட்டு சர்வரில் ஏழுக்குப் புது புரோகிராம் போட்டு ஒன்றை மறந்தார்கள். அந்த ஒன்றில், பல வருஷமாக யாரும் தொடாத பழைய கோடு தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பும் அதே பொத்தானைப் புது வேலைக்கு எடுத்துக்கொண்டதால் அது கண் விழித்து ஆர்டராகப் போட்டுத் தள்ளியது. முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலர் போயிற்று. அந்தக் காலையில் தான் அங்கே இல்லாமல் போனதே பழசண்ணனுக்கு வருத்தம்.

இதுவரை அவர் பக்கம்தான் நானும். கோளாறு பராமரிப்பில் இருக்கிறது. எழுதிச் சேர்க்கத் தெரிந்த மனுஷனுக்குக் கழிக்கத் தெரியாது. முன்பு டீ குடிப்பதற்குள் முடிந்த டெஸ்ட் இப்போது சாயங்காலம் ஆரம்பித்து விடியற்காலைவரை ஓடுகிறது. இ-வே பில்லின் ஆயுள் நள்ளிரவோடு தீர்வதால், பன்னிரண்டு மணியைத் தாண்டி ஓடும் சில டெஸ்டுகள் நிஜக் கோளாறு எதுவும் இல்லாமலே சிவப்பாகும். "அது அப்படித்தானுங்க, கோவிச்சுக்கும்" என்பார். தினமும் ஏழெட்டு சிவப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நிஜமான ஒன்பதாவது சிவப்பு தெரியாமல் போகும் என்றால் காதில் ஏறாது. போரிஸ் பெய்சர் என்ற அமெரிக்க டெஸ்டிங் நிபுணர் இதே தொழிலைப் பற்றிச் சொன்னது ஒன்று உண்டு: ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் மிஞ்சிய பூச்சிக்கு அது உறைக்காது. கோழிப்பண்ணை ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் பழசண்ணன், "பூச்சி திரும்ப வந்துருச்சுன்னா?" என்றார்.

கடைசியில் மேனேஜரே வந்து உட்கார்ந்தார். இ-வே பில்லுக்கு ஆரம்பத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. 2021 ஜனவரி 1 முதல் அது 200. அந்தப் பழைய 100 கிலோமீட்டர் டெஸ்டுகள் மட்டும் அணைத்து வைத்த நிலையில் இன்னும் கிடந்தன. இதையாவது எடுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். பழசண்ணன் அரை மணி நேரம் திரையையே பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தார். ஆபீசே கைதட்டியது.

அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏதோ எழுத ஆரம்பித்தார். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க சார். அந்த நூறு கிலோமீட்டர் கணக்கு மறுபடி வந்துரலையான்னு பாக்க ஒரு டெஸ்ட்டு."