லைட்டு எரியுது!

பகலில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வண்டியில் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபம் போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவார்கள்: “அண்ணே, லைட்டு எரியுது!” 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கு எரிந்தே தீரும், அணைக்கச் சுவிட்சே கிடையாது. எதிரே வருகிறவர் கண்ணில் வண்டி பட வேண்டும் என்பதுதான் நோக்கம். தேதி ஏப்ரல் 1 என்பதால் ஊர் இன்னும் நம்பவில்லை போலும்.

பதில் சொல்லி ஓய்ந்துபோன பக்கத்து வீட்டு மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் ஆபரேஷனை ஆரம்பித்தார். மூடியைக் கழற்றி, ஒயரை வெட்டி, பெட்லாம்ப் சுவிட்சு ஒன்றை நடுவில் கோத்து, கறுப்பு டேப்பைச் சுற்றினார். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை எடுத்துச் சொன்னேன். “சட்டமா தெருவில் கை காட்டுறவனுக்குப் பதில் சொல்லும்?” என்றார்.

பகலெல்லாம் நிம்மதி. இரவு சுவிட்சைப் போட மறந்து பாலத்தில் ஏறினார். எதிரே வந்தவர்கள் அதே ஐந்து விரலைக் குவித்து விரித்தார்கள்: “மாமா, லைட்டைப் போடுங்க!”

கார்த்திகைக்கு மலைக்கோட்டை உச்சியில் தீபம் எரிகிறது. அதைப் பார்த்து மட்டும்தான் இந்த ஊரில் யாரும் கை காட்டுவதில்லை, கும்பிடுகிறார்கள்.