இரக்கத்துக்கும் பில் போடுவார்கள்

வாசகர் கேள்வி–பதில்

ஆரணியில் ஒரு மீன் தொட்டிக் கடையில் டிபன் டப்பா அளவு பிளாஸ்டிக் பெட்டியில் ஏழெட்டு குட்டி ஆமைகள். கழுத்தோரம் சிவப்புக் கோடு. ஒன்றுக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. வாங்கிக் காப்பாற்றினால் புண்ணியம்தானே?
– தறிக்காரர் மனைவி, ஆரணிப்பாளையம்

புண்ணியம் உங்கள் கணக்கில் ஏறும். கடைக்காரர் கணக்கில் ‘ஆமை – ஒன்று’ என்று ஏறும். ஆசைப்பட்டு வாங்கியவருக்கு ஒரு பக்கம், அழுதுகொண்டே வாங்கியவருக்கு ஒரு பக்கம் என்று பில் புத்தகத்தில் பிரித்து வைத்திருக்கமாட்டார்கள். சாயங்காலமே மொத்த வியாபாரிக்கு போன் போகும்: “அண்ணே, ஆமை நல்லா ஓடுது, இன்னும் ரெண்டு டஜன் போட்டு விடுங்க.” ஆமை ஓடுவது உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான்.

உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். முந்தானையில் நாலு இழை விட்டுப்போனாலோ ஜரிகையில் கறை பட்டாலோ கூலியில் பிடித்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் அடுத்த பாவு ஏற்றும்போது கண் அச்சிலேயே இருக்கும். ஆமைக் கடையில் பழுதுக்குக் கூலி பிடிப்பவர் யார்? கண் வீங்கின சரக்கையும் இரக்கப்பட்ட ஒருவர் முழு விலை கொடுத்து எடுத்துக்கொண்டு போகிறார் என்றால், அடுத்த பெட்டிக்குத் தண்ணீர் மாற்ற அவருக்கு என்ன தலையெழுத்து?

அப்படியானால் அது செத்துத் தொலையட்டும் என்கிறீர்களா?
– அதே வாசகி, கோபத்துடன்

சாகலாம். மழுப்ப விரும்பவில்லை. நீங்கள் வாங்காமல் வந்தால் அந்த ஒன்று சாக வாய்ப்பு அதிகம். வாங்கி வந்தால் அந்த ஒன்று பிழைக்கலாம். அது காலி செய்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும். முன்னதை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள், பின்னதைப் பார்க்கவில்லை. பார்த்ததன் மேல் இரக்கம் வருவது மனித சுபாவம். வியாபாரமும் அந்தச் சுபாவத்தை நம்பித்தான் நடக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பட்டினி போட்டால் நாய் குரைக்கும், பூனை கத்தும், அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கும். ஆமை வாயைத் திறக்காது. குளிர் ரத்தப் பிராணி. உடம்பின் செலவு குறைவு. வாரக்கணக்கில் சாப்பிடாமல் மெல்ல மெல்லச் சாகும். கடையில் அதற்குப் பெயர் ‘சாது’. கண் வீங்கித் தெரிகிறது என்றால் கோளாறு தொடங்கி வெகு நாளாகிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவும் அழுக்குத் தண்ணீரும்தான் காரணம். மருந்து கொடுத்து, தீனியை மாற்றினால் தேறக்கூடியது.

ஆகவே முதலில் கடைக்காரரிடமே சொல்லுங்கள். நம் ஊரில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. மீன் விற்றவர்கள், கூடவே ஆமையும் வந்தது, காய்ந்த இறாலைப் போட்டார்கள். சொன்ன பிறகும் அப்படியே கிடந்தால் தேதியோடு படம் எடுத்து, கால்நடை பராமரிப்புத் துறைக்கும் மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் எழுதுங்கள். “எப்படியும் செத்துடும்மா, சும்மாவே எடுத்துட்டுப் போங்க” என்று அவரே கொடுத்தால், தாராளமாக எடுத்து வாருங்கள். காசு கைமாறவில்லை, அடுத்த ஆர்டருக்கு நீங்கள் காரணம் இல்லை. ‘பாதி விலைக்குத் தர்றேன்’ என்றால் வேண்டாம். அது தள்ளுபடி விற்பனை.

புகார் கொடுத்தால் என்ன தண்டனை கிடைக்கும்?
– ரைஸ்மில் கணக்குப்பிள்ளை, ஆரணி

1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்குக் குறைந்தது 10 ரூபாய், கூடிப்போனால் 50 ரூபாய் அபராதம். அச்சுப்பிழை இல்லை ஐயா, ஐம்பதுதான். மூன்று வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆமைக்குட்டி விலையே அபராதத்தை விட அதிகம். அறுபது வருஷமாக இதை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்காதீர்கள், பலருக்குத் தோன்றியது, தோன்றியதோடு நிற்கிறது.

கடைக்காரரை உறுத்தக்கூடியது வேறு. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக்கூடாது. “பதிவுச் சான்று எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அன்றைக்கே தண்ணீர் மாறும்.

வீட்டில் ஆமை இருந்தால் பணம் கொட்டும் என்கிறார் வாஸ்துக்காரர். ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்கிறார் பாட்டி. யார் பேச்சைக் கேட்பது?
– புதுமனை புகுவோன், முள்ளிப்பட்டு

பாட்டி பேச்சை. அதிலும் நட்சத்திர ஆமை என்றால் ஆமை முன்னால் புகும், அமீனா பின்னாலேயே புகுவார்.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். வன உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸ், 2019-ல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் பன்னாட்டு வியாபாரத்தையும் அடைத்துவிட்டது. அவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், இந்தியாவில் ஒரே ஒரு பிடிப்பு மையத்திலிருந்து மட்டும் ஓர் ஆண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் போயிருக்கின்றன என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பணம் கொட்டுகிறது என்று வாஸ்துக்காரர் சொன்னது பொய்யில்லை. எந்த வீட்டில் கொட்டுகிறது என்பதைத்தான் தவறாகச் சொல்லிவிட்டார்.

‘பாவம் என்று வாங்கினேன்’ என்பதற்கு இந்தச் சட்டத்தில் விலக்கு கிடையாது. விற்கிறார்கள் என்று தெரிந்தால் வனச்சரக அலுவலகத்துக்கு போன். பணப்பையைத் தொடாதீர்கள்.

புழு உள்ளே இருக்கக் கூட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்த இழையில் பிழைக்கிற ஊர் நம்முடையது. நாம் ஆமைக்குக் கண்ணீர் விடுவது பாசாங்கு இல்லையா?
– கல்லூரி மாணவர், சேவூர்

சபாஷ். இந்தக் கேள்வி வராமலிருந்தால் ஆரணிக்கே அவமானம்.

பட்டு மேல் எனக்கும் சங்கடம் உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜையா, அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பிறகு நூல் நூற்கும் முறையைக் கொண்டுவந்தார். அகிம்சைப் பட்டு என்று விற்கிறது. துளைத்த கூட்டில் இழை அறுந்து அறுந்துதான் வரும். பஞ்சு போல நூற்கவேண்டும். அதனால் விலை ஏறும், வழக்கமான பளபளப்பு இறங்கும். கல்யாணப் பெண்ணின் அம்மா இறங்கி வரமாட்டார்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். ராமநகரம் சந்தைக்குக் கூடு கொண்டுவருகிறவர், கடைசி நாள் வரை புழுவுக்கு மல்பெரி இலை போட்டு, அறையின் சூடும் ஈரமும் பார்த்துத்தான் வளர்த்திருப்பார். புழு நோய்ப்பட்டால் கூடு மெலியும், விலை விழும். அங்கே கொலை உண்டு, அலட்சியத்துக்கு நஷ்டம் உண்டு. ஆமைக் கடையில் அலட்சியத்துக்கு லாபம். கொல்வது பெரிய பாவமா, கவனிக்காமல் விடுவது பெரிய பாவமா என்று பட்டிமன்றம் வைத்தால் நான் நடுவராக வரமாட்டேன். ஒரு தப்பைச் செய்கிறோம் என்பதற்காக இன்னொரு தப்புக்கு உரிமம் தரமுடியாது என்பது மட்டும் உறுதி.

கூண்டுக் கிளியை வாங்கிப் பறக்கவிட்டால்?
– ஒண்ணுபுரம் வாசகர்

உங்கள் விடுதலைப் போராட்டத்தை நம்பி நாளைக்கு இன்னொரு பொந்தில் கை விடுவார்கள். பச்சைக்கிளியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தியாகி பட்டத்துக்கு முயலவேண்டாம்.

சென்னை மாலில் ஏசி போட்ட பெரிய பெட் ஷாப். பல ஊர்களில் கிளை. அங்கே எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. அங்கே வாங்கலாமா?
– ஐ.டி. மருமகன், தற்சமயம் ஆரணி

பளிச்சென்று இருப்பது தரை. ஊர்வன வெளிச் சூட்டை வாங்கித்தான் செரிக்கவே முடியும். ஏசி அறையில் சூடு விளக்கு இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் பல்லியோ ஆமையோ அசையாமல் கிடந்தால் அது அமைதி அல்ல, விறைப்பு.

இரக்கக் கணக்கும் அங்கே இன்னும் மோசம். ஆரணிக் கடையில் முதலாளி கல்லாவில் இருக்கிறார். நாலு வார்த்தை கேட்டால் முகம் சுருங்கும். கிளைக் கடையில் நிற்கிற பையனுக்குச் சரக்கு வாங்குவதிலும் வேண்டாம் என்பதிலும் பேச்சே கிடையாது. பார்கோடு ‘பீப்’ என்றதும் கணினி இருப்பில் ஒன்றைக் கழித்து அடுத்ததைக் கேட்கும். நோய்ப்பட்ட பல்லியை மீட்கிறேன் என்று வாங்குவதா வேண்டாமா என்று அமெரிக்காவில் பெரிய சங்கிலிக் கடைகளை வைத்து வெகுகாலமாகச் சண்டை போடுகிறார்கள். பீப் சத்தம் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை.

வெளிநாட்டுப் பாம்பு, இகுவானா என்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளையும் ஒரு பச்சோந்தியையும் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை எடுத்தது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள பிராணியை வைத்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும் என்று 2024 முதல் விதி இருக்கிறது. காகிதம் கேட்டதும் ‘அதெல்லாம் பாத்துக்கலாம் சார்’ என்றால், மாமனார் வீட்டு விருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புங்கள்.

எழுதுவதெல்லாம் சரி, சிவப்புக் கோடு போட்ட ஆமை ஒன்றை வாங்கியாச்சே! தறிக்கூடத்தில் கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே தொட்டி வைத்திருக்கிறோம். வெயில் நன்றாக விழுகிறது. ஆனாலும் முதுகு ஓடு அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது.
– நெசவாளர், தேவிகாபுரம்

பாவில் இழை பார்க்க அந்த வெளிச்சம் போதும், ஆமைக்குப் போதாது. ஓடு கெட்டிப்பட கால்சியம் வேண்டும். கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர் தோலில் படவேண்டும். கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரைத் தடுத்துவிடும். காலை வெயிலில் தொட்டியை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். பாதிக்கு நிழல் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெந்துவிடும். காக்கைக்கும் நாய்க்கும் ஓர் ஆள் காவல். முழுக்கத் தண்ணீரை விட்டு ஏறி உடம்பு உலர்த்த ஒரு கல் போடுங்கள். காய்ந்த இறால் மட்டும் போதாது; கீரை, மண்புழு, சின்ன மீன் என்று மாற்றிக் கொடுங்கள். ஓடு மெத்தென்று இருப்பதால் கால்நடை மருத்துவரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

தொட்டித் தண்ணீரில் கை வைத்த குழந்தைகள் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். சால்மோனெல்லா கிருமி வரும். இதற்காகவே அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்க 1975-ல் தடை போட்டார்கள். ஏற்றுமதிக்குத் தடை இல்லை. தன் பிள்ளைக்கு ஆகாதது அடுத்தவன் பிள்ளைக்கு ஆகும் என்பது பழைய வணிக நீதி.

பேசாமல் ஏரியில் விட்டுவிடலாமா? கமண்டல நாகநதியில்கூடத் தண்ணீர் வந்திருக்கிறதே?
– அதே நெசவாளரின் மகன்

தம்பி, கூடாது. கழுத்தோரம் சிவப்புக் கோடு போட்ட இந்தச் சிவப்புக் காது ஆமை அமெரிக்கப் பிராணி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. நம் ஏரியில் இருக்கும் பால் ஆமைக்கும் காராமைக்கும் வேண்டிய தீனியையும் வெயில் காயும் கல்லையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் கொண்டுபோகும். கேரளத்தில் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம், ‘குளத்தில் விடாதீர்கள், எங்களிடம் கொடுங்கள்’ என்று மக்களிடம் கேட்டுக்கொண்டது. கோயில் குளத்தில் விட்டாலும் இதே கதைதான். சாமிக்கு நேர்ந்துகொண்டது என்று பால் ஆமைக்குத் தெரியாது.

பெண் ஆமையானால் ஓடு ஓரடி நீளம்கூட வளரும். முப்பது வருஷம் இருக்கலாம். உனக்குப் பெண் பார்க்கும்போது அந்த வீட்டில் இதையும் சொல்லிவிடு.

என் மகனுக்கு வயது பத்து. பிறந்தநாளுக்கு இகுவானாதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.
– களைத்துப்போன தந்தை, ஆரணி

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போங்கள். 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பித்தது. நுழைவுச் சீட்டைத் தவிர அங்கே எதையும் வாங்கவேண்டியதில்லை. திரும்பி வந்தும் அடம் பிடித்தால் ஒரு வெறும் தொட்டி வாங்கி வையுங்கள். ஒரு மாதம், தினம் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அதைக் கழுவித் தண்ணீர் மாற்றட்டும். பத்தாம் நாள் கிரிக்கெட் மட்டை கேட்பான். உடனே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.